மாடியிலிருந்து கேட்ட மணி: அன்னா மானஹன் நடித்த அம்மாக்களும் மகள்களும்

ஒரு சின்ன வீடு. கீழே சோபாவில் ஒரு ஆணும் பெண்ணும் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருமே இளமை கடந்தவர்கள். காலம் போன காலத்தில் காதல் வந்திருக்கிறது. மாடியில் பெண்ணின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மணி. கீழே பேச்சுச் சத்தம் ஒரு நிமிடம் நின்றால் போதும், மணி அலறும். உடனே மகள் எழுந்து ஓட வேண்டும். அதனால் அந்த ஆள் ஒரு வழி கண்டுபிடிக்கிறான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த, ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரேயின் இரங்கற்பாவை உரக்கச் சொல்லிக்கொண்டே காதலியை முத்தமிடுகிறான். வரிக்கும் வரிக்கும் நடுவில் வாய் வேறு வேலையில் இருக்கும்போது குரல் தேயும். தேய்ந்தால் மணி. பதறிப்போய் அடுத்த வரியைக் கத்துவான்.

அயர்லாந்து நாடகாசிரியர் பிரையன் ஃப்ரீல் எழுதிய ‘லவ்வர்ஸ்’ நாடகத்தின் இரண்டாம் பாதியில் வரும் காட்சி இது. 1968-ல் நியூயார்க்கில் அந்த மகள் ஹன்னாவாக நடித்தவர் அயர்லாந்து நடிகை அன்னா மானஹன். அப்போது அவருக்கு 43 வயது. முப்பது வருடம் கழித்து, 1998-ல், அதே நியூயார்க்கில் வேறொரு நாடகம். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்யும் அம்மா அவர். ஓடி ஓடி வேலை செய்யும் மகள் வேறொருவர். அதற்கு அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி கிடைத்தது. வயது 73.

மானஹனைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் அந்த விருதில் தொடங்கி அந்த விருதிலேயே முடிந்துவிடுகின்றன. பெரிய விருதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளையும் ஒரே நடிகை பிடித்து நின்றார் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. கட்டிப்போடும் அம்மா, கட்டுண்டு கிடக்கும் மகள் என்ற இந்த ஜோடி அயர்லாந்து நாடகங்களில் சும்மா வந்து உட்கார்ந்ததில்லை. அந்த நாட்டின் நிலம், சட்டம், கத்தோலிக்கத் திருச்சபை மூன்றும் சேர்ந்து உருவாக்கிய ஜோடி அது.

அன்னா மானஹன் 1924 அக்டோபர் 18-ஆம் தேதி, அயர்லாந்தின் தென்கிழக்குத் துறைமுக நகரமான வாட்டர்ஃபோர்டில் பிறந்தார். டப்ளின் கெயட்டி நாடகப் பள்ளியில் ரியா மூனியிடம் பயிற்சி பெற்றார். மூனி அயர்லாந்து மேடையின் பெரிய கை. அவரிடம் படித்தவர்களில் பலர் பின்னாளில் பேர் வாங்கினார்கள். அப்புறம் ஹில்டன் எட்வர்ட்ஸ், மீஹால் மக்லியாம்மோர் இருவரும் நடத்திய கேட் தியேட்டர் குழுவோடு வேலை. 1950-களின் நடுவில் மேடை நிர்வாகத்தில் இருந்த கோல்ம் ஓ’கெல்லியை மணந்தார். குழு எகிப்துக்குப் பயணம் போனபோது ஓ’கெல்லிக்குப் போலியோ தாக்கியது. அங்கேயே இறந்துபோனார். திருமணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. மானஹன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. குழந்தையும் இல்லை.

இந்த இழப்பின் ஈரம் காய்வதற்குள் அவருக்குக் கிடைத்த பெரிய வேடம், கணவனை இழந்த ஒரு பெண். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டப்ளினில் ஹெர்பர்ட் லேன் என்ற சந்து. அங்கே பழைய வண்டிக்கொட்டகை ஒன்றை அரங்கமாக மாற்றி, 1953-ல் ஆலன் சிம்ப்சன், கேரலின் ஸ்விஃப்ட் என்ற தம்பதி பைக் தியேட்டரைத் தொடங்கினார்கள். சிம்ப்சன் ராணுவ அதிகாரி. நாடகம் அவருக்கு வெறி. இருக்கைகள் ஐம்பதுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொட்டகையில்தான் பிரெண்டன் பீஹனின் முதல் பெரிய நாடகம் 1954-ல் மேடையேறியது. அடுத்த வருடம் சாமுவேல் பெக்கெட்டின் ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’ நாடகத்தை அயர்லாந்து மக்கள் முதன்முதலாகப் பார்த்ததும் அங்கேதான்.

1957-ல் டப்ளினில் முதல் சர்வதேச நாடக விழா நடந்தது. அதற்காகப் பைக் தியேட்டர் தேர்ந்தெடுத்தது அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் ‘தி ரோஸ் டாட்டூ’. மே 12-ஆம் தேதி திரை விலகியது. நாயகி செராஃபினாவாக மானஹன்.

செராஃபினா சிசிலியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த தையற்காரி. கணவன் இறந்ததும் சாம்பலை ஒரு கலசத்தில் போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் வெளியே வராமல் துக்கத்தில் கிடப்பாள். மகள் ஒரு கப்பல் சிப்பாயை விரும்புகிறாள் என்று தெரிந்ததும், அவள் உடைகளையெல்லாம் எடுத்துப் பூட்டிவைத்து வீட்டுக்குள்ளேயே அடைத்துவிடுவாள். சொந்த வாழ்க்கையில் கணவனைப் பறிகொடுத்து அதிக நாள் ஆகாத முப்பத்திரண்டு வயதுப் பெண், ஐம்பது சொச்சம் பேருக்கு முன்னால், கைநீட்டினால் தொடும் தூரத்தில், இரவுதோறும் இதை நடித்தார். மானஹன் பின்னாளில் நடித்த எல்லா அம்மாக்களுக்கும் விதை இந்த வேடத்தில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன். துக்கமும் கொடுமையும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதை அவர் இங்கேதான் நடித்துப் பழகியிருக்க வேண்டும்.

நாடகம் நன்றாக ஓடியது, அரங்கு நிறைந்தது. மே 21-ஆம் தேதி ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். நாடகத்தில் ஆட்சேபமான பகுதிகள் இருக்கின்றன, நீக்காவிட்டால் நடவடிக்கை வரும் என்றார். எந்தப் பகுதி என்று எழுத்தில் தாருங்கள் என்று கேட்டார் சிம்ப்சன். தரவில்லை. சிம்ப்சன் நாடகத்தை நிறுத்தவும் இல்லை. மே 23-ஆம் தேதி அவரைக் கைது செய்தார்கள். லாபத்துக்காக ஆபாசமான, தெய்வ நிந்தனையான காட்சியை அரங்கேற்றினார் என்பது குற்றச்சாட்டு. அன்று இரவு அவர் பிரைட்வெல் காவல் நிலையச் சிறையில் இருந்தார்.

அத்தனைக்கும் காரணமான பொருள் எது தெரியுமா? ஒரு ஆணுறை. கதையில் ஒரு லாரி டிரைவரின் பையிலிருந்து அது தரையில் விழும். செராஃபினா அதைப் பார்த்துக் கொதிப்பாள். ஆணுறையை விற்பதும் நாட்டுக்குள் கொண்டுவருவதும் 1935 முதலே அயர்லாந்தில் குற்றம். அதனால் பைக் மேடையில் உண்மையான ஆணுறை இல்லவே இல்லை. நடிகர் எதையோ கீழே போடுவதுபோல் கையசைத்தார், அவ்வளவுதான். இல்லாத ஒரு பொருளுக்காக ஒரு மனிதரைச் சிறையில் வைத்தார்கள்.

நடிகர்கள் நாடகத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். தொடர்ந்தால் தங்களையும் பிடித்துப்போகலாம் என்ற நிலையில், சந்தில் ஆதரவாளர்கள் கூடி நிற்க, மானஹன் செராஃபினாவாக மேடையேறினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. கையில் பெரிய பெயர் இல்லை, பணம் இல்லை, பின்னால் நிற்கக் கணவனும் இல்லை. அன்றைய டப்ளினில் ஆபாச நாடகத்தின் நாயகி என்ற முத்திரை ஒரு நடிகையின் பிழைப்பையே முடித்துவிடக்கூடியது.

வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது, நடுவில் உச்ச நீதிமன்றம்வரை போய் வந்தது. 1958 ஜூனில் மாவட்ட நீதிபதி கேஹல் ஓ’ஃப்ளின் விசாரணைக்கு அனுப்பும் அளவுக்குக்கூட இதில் எதுவும் இல்லை என்று தள்ளுபடி செய்தார். ஆனால் வழக்குச் செலவு சிம்ப்சன் தலையில்தான் விழுந்தது. பைக் தியேட்டர் அந்த அடியிலிருந்து மீளவே இல்லை; சில வருடங்களில் மூடப்பட்டது. வழக்கில் தோற்றது அரசு, அழிந்தது அந்தச் சின்னக் கொட்டகை.

சரி, அம்மா பாத்திரத்துக்கு அயர்லாந்து மேடையில் ஏன் இவ்வளவு கனம்? 1845-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு சிறு விவசாயிகள் நிலத்தைத் துண்டு போடுவதைக் கைவிட்டார்கள். நிலம் ஒரு மகனுக்கு. அவனும் பெற்றோர் கைமாற்றிக் கொடுக்கும்வரை காத்திருந்துதான் கல்யாணம் செய்துகொள்ள முடியும். மற்ற பிள்ளைகள் கப்பலேறினார்கள், இல்லாவிட்டால் கல்யாணமே ஆகாமல் அந்த வீட்டிலேயே கிடந்தார்கள். நாற்பது வயதிலும் ‘பையன்’ என்று அழைக்கப்பட்ட ஆண்கள், வயதான அம்மாவுக்குக் காவலாகத் தங்கிப்போன முதிர்கன்னிகள்: இதெல்லாம் அயர்லாந்துக் கிராமங்களில் பல தலைமுறைக்குச் சாதாரணக் காட்சி.

அதன்மேல் 1937 அரசியலமைப்பு வந்தது. அதன் 41-ஆவது பிரிவு, பெண் தன் இல்ல வாழ்வால் நாட்டுக்கு ஆற்றும் தொண்டை அங்கீகரிக்கிறது. பொருளாதார நெருக்கடியால் தாய்மார்கள் வீட்டுக் கடமையை விட்டு வெளியே உழைக்க நேராதபடி அரசு முயலும் என்கிறது. இந்த வாசகத்தை மாற்றுவதற்கு 2024-ல் நடந்த வாக்கெடுப்பும் தோற்றது. இன்றும் அது அப்படியே இருக்கிறது. அரசு வேலையில் இருந்த பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை நீடித்தது. கருத்தடைச் சாதனங்களை, அதுவும் மருத்துவர் சீட்டோடு, அனுமதித்த சட்டம் 1979-ல்தான் வந்தது. ஆக, பெண்ணுக்கு நாடு விட்டுவைத்த ஒரே அதிகாரம் வீட்டுக்குள் அம்மாவாக இருப்பது. ஒரே ஒரு அதிகாரம் மட்டும் கையில் இருப்பவர் அதை எந்த அளவுக்கு இறுக்கிப் பிடிப்பார் என்பதைத்தான் ஃப்ரீலும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதினார்கள். அந்த அம்மாவை மேடையில் உயிரோடு நிறுத்தியவரோ, குழந்தையில்லாத, வாழ்நாள் முழுக்கத் தன் உழைப்பில் நின்ற ஒரு பெண்.

‘லவ்வர்ஸ்’ 1967-ல் டப்ளின் கேட் அரங்கில் ஹில்டன் எட்வர்ட்ஸின் இயக்கத்தில் தொடங்கி, அடுத்த கோடையில் நியூயார்க் போனது. காதலன் ஆண்டியாக நடித்தவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வீட்டுக்கு வீடு தெரிந்த ஆர்ட் கார்னி. நாடகத்தின் முதல் பாதியில் நடித்த இன்னொரு அயர்லாந்து நடிகை ஃபினூலா ஃப்ளானகன். ஹன்னா வேடத்துக்காக 1969-ல் மானஹன் பெயர் டோனி விருதுப் பட்டியலில் வந்தது. விருது ஜேன் அலெக்சாண்டருக்குப் போனது.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 1968 முதல் 1971 வரை பிபிசியில் ‘மீ மேமி’ என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. எழுதியவர் ஹ்யூ லெனர்ட். லண்டனில் நல்ல வேலையில் இருக்கும் ஒரு அயர்லாந்துக்காரன், அவனைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணையும் அண்டவிடாத அவன் அம்மா, இதுதான் கதை. மகனாக மைலோ ஓ’ஷே, அம்மாவாக மானஹன். ஓ’ஷே 1926-ல் பிறந்தவர். அதாவது அம்மா மகனைவிட இரண்டு வயதுகூட மூத்தவர் இல்லை! நாற்பது வயதிலேயே கிழவி வேடம் கொடுக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் நடிகைகளுக்கு எதிராகவே இருந்திருக்கிறது. அதை நம்பும்படி நடித்தது மானஹனின் திறமை. ஆனால் அந்தத் திறமையே அவரை அந்த வேடத்துக்குள் பூட்டவும் செய்தது.

1983-ல் தொடங்கிய ‘தி ஐரிஷ் ஆர்.எம்.’ தொடரில் அவர் மேஜர் யேட்ஸின் வீட்டுச் சமையற்காரி திருமதி கடோகன். 1980-களின் நடுவில் அயர்லாந்தின் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஇ-யில் ஒரு பாதிரியார் இல்லத்தில் வீட்டு வேலைகளைக் கவனிப்பவராக நகைச்சுவைத் தொடர் ஒன்று. கடைசிக் காலத்தில் ‘ஃபேர் சிட்டி’ நெடுந்தொடரில் அர்சுலா குரூஸ். எல்லாவற்றிலும் அடுப்பும் ஏப்ரனும் அதட்டலும். நாடு முழுக்க முகம் தெரிந்தது இவற்றால்தான், சம்பளமும் இவற்றில்தான் ஒழுங்காக வந்திருக்கும். இருந்தாலும், தொலைக்காட்சி அவரிடமிருந்து சிரிப்பை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்த இருட்டை மேடைதான் கேட்டு வாங்கியது.

கேட்டு வாங்கியவர்களில் ஒருவர் ஜான் பி. கீன். கெரி மாவட்டத்து லிஸ்டோவலில் மதுக்கடை நடத்திக்கொண்டே நாடகம் எழுதியவர். அவருடைய ‘பிக் மேகி’ மானஹனை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது என்பார்கள். கணவனைப் புதைக்கும் நாளில் தொடங்கும் கதை. விதவையான மேகி அழவில்லை. கடை, நிலம், பிள்ளைகள் எல்லாவற்றையும் தன் பிடிக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு பிள்ளையாக விரட்டிவிடும் வரைக்கும் போவாள். இருபத்தைந்து வருடம் குடிகாரக் கணவனிடம் பட்டது அவளை அப்படி ஆக்கியிருக்கிறது.

பிறகு 1996. கால்வே நகரில் புதிதாகத் திறக்கப்பட்ட டவுன் ஹால் அரங்கம். பிப்ரவரி 1-ஆம் தேதி ட்ரூயிட் குழு ஒரு நாடகத்தை அரங்கேற்றியது. எழுதியவர் பெயர் அதுவரை யாருக்கும் தெரியாது: மார்ட்டின் மக்டோனா, லண்டனில் வளர்ந்த அயர்லாந்துப் பெற்றோரின் மகன், இருபத்தைந்து வயது. இயக்கியவர் கேரி ஹைன்ஸ். 1975-ல் ட்ரூயிட் குழுவைத் தொடங்கிய மூவரில் ஒருவர். நாடகம் ‘தி பியூட்டி குவீன் ஆஃப் லீனேன்’.

மேற்கு அயர்லாந்தின் ஒரு மலைக்கிராமம். எழுபது வயது அம்மா மேக், நாற்பது வயது மகள் மொரீன். வெளியே ஓயாத மழை. மேக் நாற்காலியை விட்டு எழுவதே அரிது. அவளுக்குக் காம்ப்ளான் வேண்டும். நமக்குத் தெரிந்த அதே காம்ப்ளான்தான், ஆனால் கட்டி இல்லாமல் கலக்கித் தர வேண்டும். கட்டி இருந்தால் முனகல், கட்டி இல்லாவிட்டால் கஞ்சி இன்னும் வரவில்லையே என்ற முனகல். தினமும் காலையில் மூத்திரப் பானையைச் சமையலறைத் தொட்டியிலேயே கொட்டுவாள். கை வெந்து சுருங்கியிருக்கும். மகள்தான் சுட்டுவிட்டாள் என்பாள். அது கிழவியின் புலம்பலா உண்மையா என்று நமக்கு உடனே தெரியாது. மொரீனை விரும்பும் பேட்டோ என்ற ஒருவன், என்னோடு அமெரிக்காவுக்கு வா என்று கடிதம் எழுதுகிறான். அது மேக் கையில் சிக்குகிறது. அவள் அதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுகிறாள்.

மானஹனுக்கு இது அத்துப்படியான மண். செராஃபினா மகளின் துணிகளைப் பூட்டினாள், ஹன்னாவின் அம்மா மணியை அடித்தாள், மேக் கடிதத்தை எரிக்கிறாள். முதலில் பார்வையாளர்கள் மேக்கைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்த எரிச்சல் பிடித்த பிடிவாதம் நம் வீட்டுப் பெரியவர்களை நினைவூட்ட வேண்டும். அப்புறம் வெறுக்க வேண்டும். கடைசியில், சூடான எண்ணெயோடு மகள் நெருங்கும்போது, அதே ஆட்கள் அந்தக் கிழவிக்காக அலற வேண்டும். நாற்காலியை விட்டு அதிகம் எழாமல், பெரும்பாலும் முகத்தாலும் குரலாலும் இந்த மூன்றையும் வரவழைக்க வேண்டும். அதற்குத் தொலைக்காட்சியில் முப்பது வருடம் பழகிய சிரிப்பும் வேண்டும், பைக் கொட்டகையின் துக்கமும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன.

ஒரு காட்சி குறிப்பாகச் சொல்ல வேண்டியது. மேக் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், நாற்காலி மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது. மொரீன் பேசிக்கொண்டே நடக்கிறாள், பேட்டோவோடு அமெரிக்கா போகப்போவதைப் பற்றி. மேக் பதில் சொல்லவில்லை. காட்சியின் முடிவில் நாற்காலி நிற்கிறது. மேக்கின் உடல் இடுப்பிலிருந்து மெதுவாக முன்னால் சாய்ந்து, தரையில் பொத்தென்று விழுகிறது. அவள் ஏற்கெனவே செத்துவிட்டாள் என்பது அப்போதுதான் நமக்குத் தெரியும். எழுபதைக் கடந்த ஒரு நடிகை இரவுக்கிரவு, வாரத்துக்கு வாரம், அப்படி விழுந்து எழுந்தார்.

நாடகம் லண்டன் போய், 1998-ல் நியூயார்க்கில் முதலில் சின்ன அரங்கில் நடந்து, ஏப்ரலில் பிராட்வேயின் வால்டர் கெர் தியேட்டருக்கு மாறியது. ஜூனில் நான்கு டோனி விருதுகள்: மகளாக நடித்த மரீ மல்லன் சிறந்த நடிகை, மானஹனும் டாம் மர்ஃபியும் துணைப் பாத்திரங்களுக்கு, கேரி ஹைன்ஸ் இயக்கத்துக்கு. நாடக இயக்கத்துக்கு டோனி பெற்ற முதல் பெண் ஹைன்ஸ். முதல்முறை கைநழுவிய விருது 29 வருடம் கழித்து மானஹன் கைக்கு வந்தது. மகளாக இழந்ததை அம்மாவாக வாங்கினார்.

அதற்குப் பின்னும் அவர் ஓய்வெடுக்கவில்லை. எண்பது வயதில், டெக்லன் ஹாசெட் அவருக்காக எழுதிய ‘சிஸ்டர்ஸ்’ நாடகத்தில் அக்கா தங்கை இருவராகவும் தனியொருவராக நடித்தார். அதையும் நியூயார்க்வரை கொண்டுபோனார். 2009 மார்ச் 8-ஆம் தேதி, பிறந்த ஊரான வாட்டர்ஃபோர்டிலேயே, 84-ஆவது வயதில் காலமானார்.

‘பியூட்டி குவீன்’ நாடகம் முடியும் இடத்தில், அம்மா போன பிறகு, மொரீன் அந்த ஆடும் நாற்காலியில் போய் உட்காருவாள். உட்கார்ந்திருப்பவள் அச்சு அசல் அம்மாவைப் போலவே இருப்பாள். 1996 முதல் மானஹன் எழுந்துபோன நாற்காலியில் மரீ மல்லன் அப்படித்தான் இரவுதோறும் உட்கார்ந்தார். இருபது வருடம் கழித்து, 2016-ல், ட்ரூயிட் அதே நாடகத்தை ஹைன்ஸ் இயக்கத்திலேயே மறுபடி போட்டது. மகளாக நடித்தவர் ஆஷ்லிங் ஓ’சல்லிவன். திரை விலகும்போது நாற்காலியில் காம்ப்ளானுக்குக் காத்திருந்த மேக், மரீ மல்லன்.